ஒண்ணும் இல்லைல்ல?

ஜூன் 4, புதன்

இது பதினெட்டாவது நோட்டு. கர்ப்பிணிகளுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, சத்து மாத்திரைக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, கொசுவுக்கு ஒன்று என்று பதினேழு நோட்டு ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரப் பயிற்சியில் ஒரு அம்மா வந்து, "ஊர்ப் பெண்கள் மனசைப் பார்க்கப்போகிற நீங்கள் உங்கள் மனசையும் பார்த்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், பாரம் குறையும்" என்றார். எழுத நேரம் யார் தருவார்கள் மேடம் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற மாதிரி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, எழுதுகிறேன். நான் மாரீஸ்வரி, கிராம சுகாதாரச் செவிலியர். ஐந்து ஊருக்கு நான் ஒருத்தி, ஒரு ஸ்கூட்டி, தோளில் ஒரு தடுப்பூசிப் பெட்டி. வயது முப்பத்திரண்டு. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போது ஐந்தரை மாதம். ஊரே சந்தோஷப்படுகிறது.

மனசில் உள்ளது: கால் வலி. அவ்வளவுதான்.

அடுத்த வாரத்துக்குள் புதுப் படிவம் ஒன்றை முடித்தாக வேண்டும். தாய்மார் மனநலம். கர்ப்பிணிகளையும், பெற்று ஆறு மாதம் ஆகாதவர்களையும் உட்கார வைத்துப் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். என் பகுதியில் நாற்பத்தொரு பேர். நாலு நாள் கொடுத்திருக்கிறார்கள். நாலு நாளில் நாற்பத்தொரு மனசு. மாவு மில்லில்கூட இவ்வளவு வேகமாக அரைக்க மாட்டார்கள்.

ஜூன் 11, புதன்

அங்கன்வாடியில் ஒரு பக்கம் எடை, ஒரு பக்கம் ஊசி, நடுவில் மனநலம். படிவத்தை நிரப்புகிற போன் ஆப்பில் ஒரே ஒரு இடத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டால் போதும், மேலும் ஏழு பக்கம் திறந்துகொள்கிறது. யாரிடம் அனுப்பினீர்கள், எப்போது அனுப்பினீர்கள், கூடப் போனது யார், போட்டோ எங்கே. மனநல டாக்டரோ தாலுகா ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். ஒருத்திக்கு ஏழு பக்கம் எழுதிக்கொண்டிருந்தால் ஊசியை யார் போடுவது, இந்த ஆப்பைச் செய்தவனா?

மத்தியானம் சோலைமணி வீட்டுக்குப் போனேன். பதினாறு நாள் பிள்ளைக்காரி, வெளியே வர மாட்டாள். இருபத்திரண்டு வயது. அவளைப் பெற்றவர்கள் கேரளாவில் செங்கல் சூளையில் இருக்கிறார்கள்; அதனால் தலைப்பிரசவமே மாமியார் வீட்டில். புருஷன் திருப்பூரில். ஜன்னல் சாத்திய அறை, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று ஃபேனும் போடவில்லை. மாமியார் இருளாயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மனசுல கவலை, சங்கடம் ஒண்ணும் இல்லைல்ல?" என்று கேட்டேன்.

"அவளுக்கு என்ன கவலை நர்சம்மா?" என்றார் இருளாயி. "மொதப் பிள்ளையே சிங்கக்குட்டி. ராணி மாதிரி படுத்துக் கெடக்கா."

"தூக்கமெல்லாம் வருதுல்ல?"

"பச்சப்பிள்ளக்காரிக்கு ஏது தூக்கம்? நாங்கெல்லாம் தூங்கியா வளத்தோம்?"

இப்படியே போய் பத்தாவது கேள்வி. அதைக் கேட்க எனக்கே நாக்கு கூசுகிறது. "சாகணும் கீகணும்னு எல்லாம் தோணலைல்ல?"

சோலைமணி தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று பார்க்க அந்த அறையில் வெளிச்சம் போதவில்லை. ‘இல்லை’ போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்த பிறகும் இருளாயி மேல் கோபம் தணியவில்லை. கேள்வி யாருக்கு, பதில் யார் சொல்வது?

ஜூன் 12, வியாழன்

நாற்பத்தொன்றும் முடிந்தது. எல்லாம் ‘இல்லை’. எங்கள் மேலதிகாரி பிரேமாவதி மேடம் வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

ஜூன் 18, புதன்

ஸ்கூட்டியில் வரும்போது பட்டாசு ஆலை வேன் ஒன்று எதிரே வந்தது. நான் ரோட்டின் நடுவில் இருந்திருக்கிறேன். டிரைவர்தான் வண்டியை ஓரத்தில் இறக்கி நிறுத்திவிட்டு, "ஏம்மா, வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு கனவா காங்குற? ஆரன் அடிச்சா ஒதுங்க மாட்டியா?" என்று கத்தினான். நானும் விடவில்லை. "பொம்பள வண்டின்னா ஏத்திருவியா? மெதுவா வரத் தெரியாது?" என்று பதிலுக்குக் கத்தினேன்.

அவன் மெதுவாகத்தான் வந்தான். இருந்தாலும் நடுரோட்டில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்த அவனுக்கு என்ன உரிமை?

ஒதுங்க வேண்டும் என்று ஏனோ தோன்றவில்லை. வெயில் அப்படி.

ஜூன் 25, புதன்

இன்று அங்கன்வாடியில் கர்ப்பிணிகள் கூட்டம். நான்தான் பேசினேன். சுவரில் நானே எழுதிய வாசகம்: ‘தாய் சிரித்தால் சேய் செழிக்கும்.’ வயிற்றில் இருக்கும்போதே அம்மாவின் மனசு பிள்ளையைத் தொடும், அவள் நிம்மதியாக இருந்தால் பிள்ளைக்கு நல்லது, பிறந்த பிறகு முகம் பார்த்துப் பேசினால் மூளை வளரும் என்றெல்லாம் மைக்கில் சொன்னேன். கடைசி வரிசையில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். சுண்டல் வாங்க வந்தவர் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஆரம்பித்துவிட்டார். "நீதானத்தா மைக்குல சொன்ன, அம்மா அழுதா உள்ள இருக்குற பிள்ளைக்கு மூளை வளராதுன்னு. அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"அப்படிச் சொல்லலத்தை. அம்மா மனசு நல்லா இருந்தா பிள்ளைக்கு நல்லதுன்னு சொன்னேன்."

"அதேதான்."

அதே இல்லை! நான் சொன்னது சுற்றியிருப்பவர்களுக்கு. அவளை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் காதில் விழுந்தது அவளுக்கு இன்னொரு வேலை. சமைக்கணும், துவைக்கணும், ஊசி போடணும், சிரிக்கணும்.

இந்த வீட்டில் எனக்கு இருப்பது ஒரே வியாதிதான், மசக்கை. சோறு இறங்கவில்லையா, மசக்கை. பேசவில்லையா, மசக்கை. பேசிவிட்டால் அதுவும் மசக்கை. வாந்தி நின்று இரண்டு மாதம் ஆகிறது. பாவம், அந்த ஒரு சொல் எத்தனை மூட்டையைத்தான் தூக்கும்? பிள்ளை பிறந்ததும் ‘பச்ச உடம்பு’ என்று இன்னொரு சொல் தயாராக இருக்கிறது. அதற்கப்புறம் என்ன சொல் வைத்திருக்கிறார்களோ.

குளிக்கப் போனால் அரைமணி நேரம் குழாயைத் திறந்து வைத்திருக்கிறேனாம், தண்ணீர் வீணாகிறதாம். கதவைத் தட்டுகிறார். ஒரு மனுஷி குளிக்கக்கூட உரிமை இல்லையா?

ஜூலை 2, புதன்

ராஜகுரு, என் வீட்டுக்காரர், அச்சாபீசில் மெஷின் ஓட்டுகிறவர். போனில் ஏதோ ஆப்பைப் போட்டுக்கொண்டு, பிள்ளை எவ்வளவு பெரிசு என்று வாரம் ஒரு காய் சொல்கிறார். முன்னே எலுமிச்சை, அப்புறம் மாங்காய், இந்த வாரம் கத்திரிக்காய். வயிறா காய்கறிச் சந்தையா?

"இப்ப பிள்ளைக்குக் காது கேக்குமாம் மாரி. அம்மா பேசணுமாம். பேசுறியா?"

"பேசுறேன்."

பேசவில்லை. ஊருக்கெல்லாம் பேசுங்கள் பேசுங்கள் என்று சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒரு ஆள் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. அவரிடம் என்ன பேசுவது? இதை எழுதியிருக்கக் கூடாது. கோடு போட்டு அடிக்கவும் மனசு வரவில்லை, இருக்கட்டும்.

ஜூலை 9, புதன்

இன்று சோலைமணியைக் கிழித்துத் தொங்கவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசிக்கு வந்தாள். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு, இன்றைக்கு மூன்று இருநூறு. நான்கைத் தொட வேண்டிய பிள்ளை! மடியில் போட்டால் ஃபேனைப் பார்க்கிறது, டியூப்லைட்டைப் பார்க்கிறது, பெற்றவள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறது. அவளும் அதைப் பார்க்கவில்லை. சுவரில் இருக்கிற என் வாசகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"பிள்ளைகிட்ட பேசுறியா இல்லியா? இந்நேரத்துக்கு உன் முகம் பாத்துச் சிரிக்கணும் அது."

"என்ன பேச நர்சம்மா?"

"என்னவாச்சும் பேசு. வாடா ராசா, போடா ராசான்னு பேசு. பேரச் சொல்லிக் கூப்புடு. பேரு வச்சாச்சா?"

"அத்தை வச்சிருக்காக."

"என்ன பேரு?"

யோசித்தாள். பெற்ற பிள்ளையின் பெயரை யோசித்தாள்! பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "ஆட்டுக்குட்டி போட்டா ஆடுகூட நக்கிக் குடுக்கும். உனக்கு வளக்கத் தெரியலன்னா எதுக்கு..." என்று ஆரம்பித்து முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன். அவள் பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள், கடையில் வாங்கிய சாமானை எடுத்துப் போகிற மாதிரி.

சரியாகத்தான் கேட்டேன். யாராவது கேட்க வேண்டாமா?

ஜூலை 13, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று இன்றே வளைகாப்பு வைத்துவிட்டார்கள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். சந்தனம், பன்னீர், ஐந்து வகைச் சோறு. போட்டோக்காரன் வேறு, "அக்கா சிரிங்க, இன்னுங் கொஞ்சம், பல்லு தெரிய" என்று உயிரை எடுத்தான். ஒவ்வொருத்தியும் காதுக்குள் அதையே சொன்னாள்: ஆறு வருஷம் கழிச்சுக் கெடச்ச பிள்ளை, சந்தோசமா இரு. தவமிருந்து வாங்கின வரம், சந்தோசமா இரு. உத்தரவு போடுகிற தொனி.

முதல் வளையலை அம்மா போட வேண்டும். அம்மா இல்லாததால் அண்ணன் பெண்டாட்டி மதினி போட்டாள். மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அத்தை, "ஏய், நல்ல நாளும் அதுவுமா மாசமா இருக்குறவ முன்னாடி அழுவாத" என்று அவளை அதட்டி அடுப்படிக்கு அனுப்பினார்.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி அம்மா இறந்தது. நாற்பது நிமிஷப் பயணம். மாசமா இருக்கிறவள் பிணத்தைப் பார்க்கக் கூடாது, சாவு வீட்டுக் காற்றுகூடப் படக் கூடாது என்று வாசலைத் தாண்ட விடவில்லை. ஆறு வருஷம் கழிச்சுக் கெடச்ச பிள்ளை. ராஜகுரு அங்கே போய் போனில் அம்மா முகத்தைக் காட்டினார். அத்தை அதையும் பிடுங்கிவிட்டார். அன்றைக்கு அழக் கூடாது என்றார்கள். மறுநாளும் கூடாது. பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை, நாளும் போய்விட்டது.

இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வளையல் கையை அறுக்கிறது, எரிச்சல், அதுதான்.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

ஜூலை 30, புதன்

வட்டாரக் கூட்டம். நம் வட்டாரத்தில் தாய்மார் மனநலப் பிரச்சினை பூஜ்யமாம். பக்கத்து வட்டாரத்தில் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்களாம், அவர்களுக்கு மேலிடத்தில் திட்டு. நமக்குப் பாராட்டு. ஆளுக்கொரு சான்றிதழ், ஒரு மைசூர்பாகு. என் சான்றிதழில் ‘மாரியம்மாள்’ என்று அச்சாகியிருக்கிறது. பன்னிரண்டு வருஷ வேலை, பெயர்கூடத் தெரியவில்லை.

பூஜ்யம் என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டரை மாத ஊசி நாள். சோலைமணி பத்து மணிக்கு வந்தாள். பிள்ளையைத் தராசுத் தொட்டிலில் போட்டேன். மூன்று கிலோ அறுநூறு. அட்டையில் எழுதிவிட்டு, அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே திரும்பினேன். ஆள் இல்லை. பை இருக்கிறது, அட்டை இருக்கிறது, செருப்புக்கூட வாசலில் இருக்கிறது. "‘நர்சம்மாகிட்ட இருக்கட்டும்’னு சொல்லிட்டுப் போனாளே" என்றாள் ஒருத்தி.

அங்கன்வாடி டீச்சர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடினேன். எட்டாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஓட்டமா? பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் மூச்சு வந்தது, பிறகு கோபம் வந்தது.

"எங்கடி கெளம்பிட்ட?"

"தெரியல நர்சம்மா. வர்ற பஸ்ஸுல ஏறலாம்னு."

"பிள்ளைய விட்டுட்டா?"

"உங்ககிட்டதான விட்டுட்டு வந்தேன்" என்றாள், சண்டை போடுகிற குரலே இல்லை. "உங்களுக்கு வளக்கத் தெரியும். எனக்குத் தெரியலன்னு அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் சொன்னீகள்ல. நெசந்தான். அது அழுதா எனக்குக் காது கேக்குது, கையி எந்திரிக்க மாட்டேங்குது. நான் இல்லாட்டி அது நல்லா இருக்கும்னு தோணுது. தெனமும் தோணுது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "ஏன்டி, ஜூன்ல வீட்டுக்கு வந்து கேட்டப்ப இல்லைன்னு தலைய ஆட்டுனியே?" என்று அவளையே குற்றம் சொன்னேன்.

"ஆட்டுனேன். நீங்க எப்படிக் கேட்டீக? ‘தோணலைல்ல?’ன்னு கேட்டீக. படிச்சவுக வந்து ‘இல்லைல்ல?’ன்னு கேக்குறாக, பக்கத்துல அத்தை உக்காந்திருக்கு. ‘இருக்கு’ன்னு எப்படிச் சொல்ல நர்சம்மா?"

கவலை இல்லைல்ல? தூக்கம் வருதுல்ல? அழுகை வரலைல்ல? நாற்பத்தொரு பேரையும் அப்படித்தான் கேட்டேன். பதிலை நானே கேள்வியில் வைத்துக் கொடுத்துவிட்டேன், அவர்கள் வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் நாற்பத்தொன்றை மறைத்து மைசூர்பாகு வாங்கித் தின்றிருக்கிறேன். இருளாயியைத் திட்டினேனே, ஜன்னலைத் திறந்துவிட்டு அவரிடம் கொஞ்சம் வெளியே போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா?

சோலைமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முகத்தைப் பார்க்காதவள் என் முகத்தை அப்படிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தன நாளா நர்சம்மா?"

"எது?"

"இதுதான்."

அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் கிடையாது. இரண்டு நாள், பத்து நாள், நூறு நாள் என்று ஏதாவதுதான் சொல்ல முடியும். பள்ளிக்கூடம் முடிக்காத பெண் கேட்கத் தெரிந்து கேட்டுவிட்டாள். பஸ் வந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் ஏறவில்லை. கண்டக்டர் திட்டிவிட்டுப் போனான்.

"வா, பிள்ளை பசியில கத்திக்கிட்டு இருக்கும்" என்று எழுந்தேன். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் இருளாயி வீட்டு வாசலில் ஒரு கூப்பாடு. "என் மருமகளப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போற? ஊரு என்ன சொல்லும்? பச்ச உடம்பு, பத்து நாள்ல சரியாப் போயிரும்" என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. "இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போகலன்னா நாளைக்கு ஊரு வேற ஒண்ணு சொல்லும், அதையும் கேட்டுக்கங்க" என்றேன். அதற்கப்புறம் அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். பாதி வழியில் சோலைமணிக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். முதலில் இருளாயியை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொல்லும்மா, எப்போருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். சோலைமணி முக்கால் மணி நேரம் பேசினாள். அவளுக்கு அவ்வளவு பேச்சு உண்டென்று எனக்குத் தெரியாது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார். இருளாயியைக் கூப்பிட்டு, "இவங்க ஒரே மூச்சா அஞ்சு மணி நேரம் தூங்கணும், அந்த நேரம் பிள்ளை உங்க பொறுப்பு, தனியா விடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். பிள்ளையைப் பற்றி நான் கேட்டேன். "இது குணமாகுற நோய்தான். அம்மா தேறத் தேறப் பிள்ளையும் முகம் பாக்கும். இன்னும் காலம் போயிரல. சீக்கிரமா வந்தது நல்லது" என்றார்.

சீக்கிரமாம். ஜூன் பதினொன்றிலிருந்து ஐம்பத்தேழு நாள்.

எழுந்தபோது என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"நான் நர்சு சார். கூட வந்தேன்."

தலையாட்டினார். வெளியே வந்துவிட்டேன். கோழை. வேறு என்ன எழுத? ஒரு நாற்காலி, ஒரு டாக்டர், சாத்திய கதவு, கேட்கத் தெரிந்த ஆள், எல்லாம் இருந்தது. ‘நான் நர்சு சார்.’ நர்சுக்கு அம்மா சாகாதா?

ஆகஸ்ட் 11, திங்கள்

மேடம் கூப்பிட்டனுப்பினார். ஜூனில் பத்துக்கும் ‘இல்லை’ என்று போட்ட பெண் ஆகஸ்டில் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனாள், விளக்கம் கேட்டு மேலிருந்து கடிதம். பூஜ்யம் போய் ஒன்று ஆகிவிட்டதாம்.

"ஒண்ணும் பயப்படாத" என்றார். அன்பாகத்தான் சொன்னார். "‘பயனாளி உண்மையை மறைத்துவிட்டார்’னு ஒரே வரி எழுதிக் குடு. உம்மேல எதுவும் வராது. மாசமா இருக்குற, எதுக்கு வீணா மனசப் போட்டு உழப்பிக்கிற? சந்தோசமா இரு."

பயனாளி உண்மையை மறைத்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் வெறுங்காலோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னவள் மறைத்துவிட்டாளாம்! மேஜையில் காகிதத்தின் மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. புதன்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் ராஜகுரு வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்: "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கியே மாரி, ஒண்ணும் இல்லைல்ல?"

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்கிறது.

தெருமுனை வரை போய்விட்டார். வாசலில் நின்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும். திரும்பி வந்தார்.

"என்ன மாரி?"

"அதை மாத்திக் கேளுங்க."

"எதை?"

"ஒண்ணும் இல்லைல்லன்னு கேக்காதீங்க. வேற மாதிரி கேளுங்க."

மனுஷனுக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "என்ன இருக்கு?" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து, "அவளுக்கு மசக்..." என்று ஆரம்பித்தார். "அம்மா, நீ சும்மா இரு" என்றார் ராஜகுரு. ஆறு வருஷத்தில் முதல் தடவை.

இன்று அவர் வேலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஊசி முடிந்ததும் விளக்கக் கடிதத்தைக் கொடுத்தேன். நகலை இங்கே எழுதி வைக்கிறேன்.

*அம்மையீர்,*

*பொருள்: பயனாளி சோலைமணி தொடர்பான விளக்கம்.*

*பயனாளி எதையும் மறைக்கவில்லை. அவர் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அவருடைய மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘இல்லை’ என்ற பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டேன். நாற்பத்தொரு பேரையும் அப்படித்தான் கேட்டேன். ஆகவே நமது வட்டாரத்தின் பூஜ்யத்தில் என் பங்கு பொய். அதற்காகத் தரப்பட்ட சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதில் உள்ள பெயரும் என்னுடையது அல்ல.*

*நாற்பத்தொரு பேரையும் மறுபடி கேட்க அனுமதி வேண்டும். ஒருவருக்கு அரை மணி நேரம், வீட்டார் வெளியே. அவ்வளவு நாள் தர இயலாது என்றால் அதை எழுத்தில் தரவும்.*

*என் பகுதியில் படிவமே நிரப்பப்படாத கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். அவர் விவரம்:*

*பெயர்: ரா. மாரீஸ்வரி, கிராம சுகாதாரச் செவிலியர்.*

*கர்ப்ப காலம்: எட்டாம் மாதம்.*

*பத்தாவது கேள்விக்குப் பதில்: ஆம்.*

*எத்தனை நாளாக: ஏப்ரல் 19 முதல்.*

மேடம் நின்றபடி படிக்க ஆரம்பித்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி வரியை இரண்டு தடவை படித்திருப்பார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"கடைசி நாலு வரிய மட்டும் அடிச்சுக் குடு மாரீஸ்வரி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இதைப் போட்டுட்டு நாளைக்கு எப்படி ஊருக்குள்ள போவ?"

"நாளைக்கு ஊருக்குள்ள போகல மேடம்" என்றேன். "நாளைக்கு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போறேன். என் பேருக்கு சீட்டு வாங்க."

எந்த வரியையும் அடிக்காமல், நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.